பிரிசர்வேட்டிவ் சேர்த்த ஸ்டெரைல் வாட்டர்: ஆய்வகத்தில் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்விகள். உங்கள் ஆய்வகத்தில் 30 மில்லி குப்பி ஒன்று வாங்கியிருக்கிறார்கள். ஸ்டெரைல், பிரிசர்வேட்டிவ் (கிருமி பெருகாமல் தடுக்கும் பொருள்) சேர்த்தது, ஆய்வுக்கு மட்டும் என்று லேபிளில் போட்டிருக்கிறது. சாதாரண ஸ்டெரைல் வாட்டருக்குப் பதிலாக இதில் பெப்டைடை (சின்னப் புரதத் துண்டை) கரைத்து, தட்டில் வளர்க்கிற செல்களுக்குப் போடலாமா என்பது முதல் கேள்வி. திறந்தபின் 28 நாள்தான் என்கிறார்களே, ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று மாதம் தாங்காதா என்பது இரண்டாவது. தீர்ந்துபோனால் நாங்களே தயாரித்துக்கொள்ளலாமா என்பது மூன்றாவது. ஏற்கெனவே ஒரு பெப்டைடை அதில் கரைத்துவிட்டதாகவும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்தக் குப்பியில் இருப்பதைத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளலாமா? நினைக்கக் கூடாது என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

ஊசி மருந்து தயாரிக்கும் ஆலையில் நுண்ணுயிரியல் தரக்கட்டுப்பாட்டில் பதினான்கு ஆண்டு இருந்தேன். அதற்குப் பிறகு எட்டு ஆண்டாக ஓர் ஆய்வகத்தில் செல் கல்ச்சர், அதாவது செல் வளர்ப்புப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். நான் மருத்துவர் இல்லை. அதனால் தண்ணீர், கிருமி, செல், பிப்பெட் இவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். மனித உடம்பில் எதைச் செலுத்தலாம் என்பதைப் பற்றிப் பொதுவெளியில் பதிவாகியிருப்பதை மட்டும் சொல்வேன்.

முதலில் குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பாக்டீரியோஸ்டாட்டிக் வாட்டர் என்ற பெயரில் வருவதில் பெரும்பாலும் பென்சைல் ஆல்கஹால் 0.9 சதவீதம் இருக்கும், அதாவது ஒரு மில்லிக்கு 9 மில்லிகிராம். உங்கள் லேபிளிலும் அப்படித்தான் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரிசர்வேட்டிவ் என்று மட்டும் எழுதி, எது, எவ்வளவு என்று எழுதாத குப்பியாக இருந்தால் அதை எந்தச் சோதனைக்கும் தொடாதீர்கள். 0.9 சதவீதம் என்றால் கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் சோதனை செய்கிறவர் சதவீதத்தில் யோசிக்கக் கூடாது, மோலாரில், அதாவது ஒரு லிட்டரில் எத்தனை மூலக்கூறு என்ற கணக்கில், யோசிக்க வேண்டும். பென்சைல் ஆல்கஹாலின் மூலக்கூறு எடை 108. லிட்டருக்கு 9 கிராமை 108 ஆல் வகுத்தால் சுமார் 83 மில்லிமோலார் வருகிறது. உங்கள் பெப்டைடு மைக்ரோமோலார் கணக்கில் இருக்கும். அதைச் சுமந்து வரும் திரவத்தில் இன்னொரு பொருள் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக இருக்கிறது. அந்தப் பொருளும் சும்மா இருப்பதில்லை. செல் சவ்வை இளகவைத்து என்ன ஆகிறது என்று பார்க்க விரும்புகிற ஆய்வாளர்கள் அதற்கென்றே பயன்படுத்துவது இதே பென்சைல் ஆல்கஹாலைத்தான், அதுவும் 30, 40 மில்லிமோலார் அளவில். செல் நெருக்கடியில் உண்டாக்குகிற வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைத் தூண்டிவிடக்கூட அந்த அளவு போதும். உங்கள் குப்பியில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதில் உப்பு கிடையாது. செல்லுக்குப் பழக்கமான சவ்வூடு அழுத்தம் லிட்டருக்கு 290 மில்லிஆஸ்மோல் அளவில் இருக்கும். பென்சைல் ஆல்கஹால் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும் என்பதால் அதன் 83 இந்தக் கணக்கில் உதவாது. செல்லைப் பொறுத்தவரை இது வெறும் தண்ணீர் மாதிரிதான், ஊறி வீங்கிவிடும். ரத்தச் சிவப்பணுக்களை இதில் போட்டால் உடைந்து சிதறும். பென்சைல் ஆல்கஹால் சேர்த்த உப்புநீர் என்று தனியாக ஒன்றும் விற்கிறார்கள். இரண்டையும் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும், எடுக்கும்போது லேபிளைப் படியுங்கள்.

சரி, ஸ்டெரைல் என்ற சொல்லுக்கும் பிரிசர்வேட்டிவ் என்ற சொல்லுக்கும் வருவோம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். ஸ்டெரைல் என்பது மூடியில் ஊசி இறங்கும் வரைக்குமான நிலை. அடைத்தபோது உயிருள்ள கிருமி எதுவும் உள்ளே இல்லை, அவ்வளவுதான். பிரிசர்வேட்டிவ் அதற்குப் பிந்தைய காலத்துக்கானது. நீங்கள் பத்து முறை ஊசி குத்தி எடுக்கும்போது ஏதாவது ஒரு முறை தவறிப்போய் நாலு கிருமி உள்ளே விழுந்தால், அவை பெருகி நாலு லட்சம் ஆகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. ஸ்டாட்டிக் என்ற பெயரே நிறுத்திவைப்பது என்பதைத்தான் சொல்கிறது. கொன்றே தீரும் என்ற வாக்குறுதி அதில் இல்லை.

அந்த 28 நாள் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பிரிசர்வேட்டிவ் வேலை செய்கிறதா என்று பார்க்க அமெரிக்க பார்மகோபியாவில் (மருந்துத் தர விதிநூல்) ஒரு சோதனை இருக்கிறது. ஆலையில் இதை என் கையால் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஐந்து கிருமிகளை எடுத்துக்கொள்வோம்: ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஈ.கோலை, கேண்டிடா ஆல்பிகன்ஸ், ஆஸ்பர்ஜில்லஸ் பிரசிலியன்சிஸ். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மில்லிக்கு ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை இருக்கும்படி திரவத்தில் விட்டு, 20 முதல் 25 டிகிரியில் வைப்போம். ஊசி மருந்து என்றால் பாக்டீரியாக்கள் 7ஆம் நாளுக்குள் பத்தில் ஒரு பங்காகவும், 14ஆம் நாளுக்குள் ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறைந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு 28ஆம் நாள் வரை கூடக் கூடாது. ஈஸ்ட்டும் பூஞ்சையும் குறையவில்லை என்றாலும் பரவாயில்லை, ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கூடக் கூடாது. சோதனை 28ஆம் நாள் முடிந்துவிடுகிறது. துளைத்த குப்பியை, தயாரிப்பாளர் வேறு கெடு சொல்லாதவரை, 28 நாளில் வீசிவிடு என்கிற மருத்துவமனை விதி இதனோடு ஒட்டி வந்தது. 29ஆம் நாள் காலையில் தண்ணீருக்குள் எதுவும் மாறிவிடுவதில்லை. அதுவரை பொறுப்பேற்க ஆதாரம் இருக்கிறது, அதற்குமேல் இல்லை. இது உறுதியான விஷயம்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று மாதம் வருமா என்பது அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது இல்லை, ஆனாலும் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று சொல்கிறேன். குளிரில் கிருமி மெதுவாக வளரும் என்பது உண்மை. அதே குளிரில் பிரிசர்வேட்டிவும் மெதுவாகத்தான் வேலை செய்யும். தவிர, செல் சுவரை வைத்துப் பிரிக்கிற இரு வகைகளில், பென்சைல் ஆல்கஹால் கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களிடம் காட்டுகிற வீரியத்தைக் கிராம் நெகட்டிவிடம் அவ்வளவாகக் காட்டாது. தண்ணீரில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறவையோ கிராம் நெகட்டிவ் கூட்டம்தான். சூடோமோனாஸ் காய்ச்சி வடித்த நீரிலேயே பெருகும். பர்க்கோல்டீரியா செபாசியா பிரிசர்வேட்டிவ் போட்ட பொருட்களிலும் தாக்குப்பிடிக்கும் என்று மருந்துத் துறையே அஞ்சுகிற கிருமி. இன்னொரு பக்கம், நீங்கள் அதில் எதைக் கரைக்கிறீர்கள் என்பதும் கணக்கை மாற்றிவிடும். பென்சைல் ஆல்கஹால் பிஎச் 5க்குக் கீழே நன்றாக வேலை செய்யும், 8ஐத் தாண்டினால் வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளலாம். ட்வீன் 80 போன்ற சோப்புத் தன்மையுள்ள பொருள் சேர்ந்தாலும் வீரியம் இறங்கும். அதனால் வெறும் குப்பிக்குச் சொன்ன 28 நாளை, அதில் கரைத்த பெப்டைடுக் கரைசலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெப்டைடு சிதையாமல் இருக்குமா என்பதோ முற்றிலும் வேறு கேள்வி. கிருமி வளராததால் பெப்டைடு நன்றாக இருக்கிறது என்று ஆகாது; ஆக்சிஜனும் தண்ணீரும் அதைத் தம் போக்கில் சிதைத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஒருமுறை இப்படி ஒரு குப்பியை ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டிலிருந்து எடுத்தேன். லேபிளில் திறந்த தேதி இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் பளிங்கு மாதிரி இருந்தது. கருப்பு அட்டை ஒன்றைப் பின்னால் வைத்து, விளக்குக்கு நேராகப் பிடித்து மெல்லச் சுழற்றினேன். அடியிலிருந்து தலைமுடி அளவில் வெள்ளை இழை ஒன்று எழுந்து, சுழன்று, மறுபடி கீழே போய்ப் படுத்துக்கொண்டது. பூஞ்சை. ரப்பர் மூடியை லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தி, சல்லடை போல ஆகியிருந்தது. மூடியிலிருந்து உதிர்ந்த கருப்புத் துணுக்கு இரண்டு உள்ளே மிதந்தன. அந்தக் குப்பியிலிருந்து எடுத்து எத்தனை பேர் எத்தனை சோதனை செய்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் மார்க்கரால் தேதி எழுதாமல் யாரும் முதல் ஊசியைக் குத்துவதில்லை. ஒவ்வொரு முறையும் மூடியை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அது காயும்வரை காத்திருந்து, மெல்லிய ஊசியால் வேறு வேறு இடத்தில் குத்துங்கள். காயவிடுவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். திறந்து நாளான குப்பியில் பாதாம் வாசனை தூக்கலாக வந்தால், பென்சைல் ஆல்கஹால் காற்றோடு சேர்ந்து பென்சால்டிஹைடாக மாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பென்சால்டிஹைடு செல்களுக்கு இன்னும் கெடுதல்.

எண்டோடாக்சினைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் ஸ்டெரைல் என்ற சொல் அதிகமாக ஏமாற்றுவது இங்கேதான். கிருமி செத்தாலும் அதன் செல் சுவரிலிருந்து வந்த லிப்போபாலிசாக்கரைடு தண்ணீரிலேயே கிடக்கும்; எண்டோடாக்சின் என்பது அதுதான். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் அதை அழிக்காது, 0.22 மைக்ரான் வடிகட்டி அதைத் தடுக்காது, பென்சைல் ஆல்கஹால் அதைத் தொடக்கூடச் செய்யாது. நூறாண்டுக்கு முன்பு காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஊசி போட்டாலே காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. காரணம் புரியாமல் மருந்தின் மேலேயே பழி போட்டார்கள். அமெரிக்காவில் ஃப்ளாரன்ஸ் சீபர்ட் என்ற ஆய்வாளர், வடிகலத்தில் கொதிக்கும் நீரிலிருந்து தெறிக்கும் நுண்துளிகள் பாக்டீரியாவின் மிச்சத்தைச் சுமந்துகொண்டு வடிநீருக்குள் போய்ச் சேர்கின்றன என்று முயல்களில் சோதித்துக் காட்டி 1923இல் வெளியிட்டார். அந்தத் துளிகளைத் தடுக்கும்படி வடிகலத்தையும் மாற்றியமைத்தார். இன்று குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுத்த லால் என்ற பொருளை வைத்து எண்டோடாக்சினை அளக்கிறோம். அமெரிக்க பார்மகோபியாவில் பாக்டீரியோஸ்டாட்டிக் ஊசி நீருக்கு மில்லிக்கு 0.5 எண்டோடாக்சின் யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது. பிரிசர்வேட்டிவ் இல்லாத ஸ்டெரைல் ஊசி நீருக்கு 0.25. ஒரு நானோகிராம் என்பது சுமார் 10 யூனிட். மேக்ரோஃபேஜ் போன்ற நோயெதிர்ப்புச் செல்கள் ஒரு நானோகிராமுக்கும் குறைந்த அளவையே கண்டுகொண்டு, அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைன் சுரக்க ஆரம்பித்துவிடும். உங்கள் ஆய்வு அழற்சி, நோயெதிர்ப்பு பக்கம் போகிறது என்றால், ஆய்வுக்கு மட்டும் என்று விற்கிற குப்பியின் விற்பனையாளரிடம் உங்கள் பேட்ச் எண்ணுக்கான எண்டோடாக்சின் சோதனை முடிவைக் கேளுங்கள். தர மறுத்தால் அது சோதிக்கப்படவே இல்லை என்று எடுத்துக்கொண்டு நடங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. செல்களுக்குப் போடலாமா? சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவி தன் தட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். 96 கிணறு (சின்னக் குழி) கொண்ட தட்டு, எம்டிடி சோதனை; உயிருள்ள செல் இருந்தால் ஊதா, இல்லையென்றால் மஞ்சள். இடப்பக்கம் கரும் ஊதா, வலப்பக்கம் போகப் போக வெளுத்து, கடைசி வரிசையில் வெறும் மஞ்சள். பெப்டைடின் அளவு கூடக்கூடப் புற்றுநோய்ச் செல் சாகிறது என்று அழகான வளைகோடு ஒன்று கிடைத்திருந்தது. எதில் கரைத்தாய் அம்மா என்று கேட்டேன். இதே மாதிரி குப்பி. ஒவ்வொரு கிணற்றிலும் செல் வளர்கிற ஊடகம் 100 மைக்ரோலிட்டர். அதன் மேல் 5, 10, 25, 50 என்று பெப்டைடுக் கரைசலை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். 50 சேர்த்த கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு அந்தத் தண்ணீர். அதாவது 28 மில்லிமோலார் பென்சைல் ஆல்கஹால், போதாததற்கு உப்பின் அடர்த்தி மூன்றில் இரண்டாக இறங்கிவிட்டது. பெப்டைடு எதுவுமில்லாமல் அந்தத் தண்ணீரை மட்டும் 5, 10, 25, 50 என்று போட்டுக் கொண்டுவா என்றேன். மூன்று நாள் கழித்து வந்தாள், பேசவில்லை, தட்டை மேஜைமேல் வைத்தாள். அதே ஊதா, அதே வெளுப்பு, அதே வளைகோடு. ஆறு மாத உழைப்பு. எனக்கு இன்றைக்கும் அந்தத் தட்டு கண்ணுக்குள் நிற்கிறது. தவறு அவளுடையது மட்டுமில்லை. தண்ணீர் என்று எழுதிய குப்பியைத் தண்ணீர் என்று நம்பியதில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய எங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு.

அதனால் செல் கல்ச்சருக்கு என் விதி இதுதான்: பிரிசர்வேட்டிவ் இல்லாத ஸ்டெரைல் வாட்டரிலோ, உங்கள் பெப்டைடுக்கு ஒத்துவரும் பஃபரிலோ (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) அடர்த்தியாகக் கரையுங்கள். ஒரு முறைக்கு வேண்டிய அளவாகச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறையவையுங்கள், ஒரு குழாயை ஒரே ஒரு தடவை உருக்குங்கள். பல தடவை குத்தி எடுக்கிற தேவையே அப்போது இருக்காது; தேவை இல்லாத இடத்தில் பிரிசர்வேட்டிவுக்கும் வேலை இல்லை. ஆயிரம் மடங்கு நீர்த்துப் போட்டால் 0.08 மில்லிமோலார்தானே, அதுவும் ஆகாதா என்று கேட்பீர்கள். அந்த அளவில் பெரும்பாலான செல்கள் பொருட்படுத்தாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் உங்கள் செல், உங்கள் அளவீடு, உங்கள் கால அளவு இவற்றுக்கு அது பொருந்துமா என்பதைத் தண்ணீர் மட்டும் போட்ட கன்ட்ரோல்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

செல்லைத் தாண்டியும் சில இடங்களில் இது காலை வாரிவிடும். கிருமியெதிர்ப்புப் பெப்டைடுகளின் எம்ஐசி (கிருமியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு) பார்க்கிறவர்கள் இதில் கரைக்கவே கூடாது. கிருமியைத் தடுக்கவென்றே சேர்த்த பொருள் இருக்கும்போது எது தடுத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? பென்சைல் ஆல்கஹாலில் பென்சீன் வளையம் இருப்பதால் 260 நானோமீட்டர் பக்கம் புற ஊதாவை உறிஞ்சும். டிஎன்ஏ அளவு பார்க்கிற இடம் அதுதான். அதே தண்ணீரைப் பிளாங்காக (கழிப்பதற்கான ஒப்பீடாக) வைத்தாலும் கழித்து மிஞ்சுவதை நம்ப முடியாத அளவுக்கு உறிஞ்சல் பலமாக இருக்கும். கலவையைப் பிரித்துக் காட்டுகிற எச்பிஎல்சி கருவியில் ஓட்டினால் தனியாக ஒரு பெரிய பீக் எழும். உங்கள் பெப்டைடு அதன் காலடியில் வந்தால் மறைந்தே போகும். டிஎன்ஏவைப் பெருக்குகிற பிசிஆருக்கு, டிஎன்ஏவைச் சிதைக்கும் நியூக்ளியேஸ் என்சைம் இல்லாத நீர் என்று தனியாக இருக்கிறது, ஸ்டெரைல் என்பதும் நியூக்ளியேஸ் இல்லை என்பதும் ஒன்றில்லை. புரதங்கள் விஷயத்தில் இன்னும் நுட்பமான சிக்கல் உண்டு. பென்சைல் ஆல்கஹால் சில புரதங்களின் மடிப்பைத் தளர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்யும். இன்டர்ஃபெரான் காமா, இன்டர்லூக்கின்-1 ஏற்பித் தடுப்பான் போன்றவற்றில் இது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. கரைத்ததும் தெளிவாக இருந்து, இரண்டு நாளில் லேசாகப் பால் மாதிரி மங்கினால் அது கிருமியாகவும் இருக்கலாம், திரண்ட புரதமாகவும் இருக்கலாம்.

எல்லாப் புரதமும் அப்படி இல்லை என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குத் தருகிற டிராஸ்டுசுமாப் மருந்தின் 440 மில்லிகிராம் குப்பியோடு 1.1 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் கொண்ட நீரைத்தான் கூடவே தந்தார்கள். அதில் கரைத்து 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் 28 நாள் பயன்படுத்தலாம். நோயாளிக்குப் பென்சைல் ஆல்கஹால் ஒவ்வாமை இருந்தால் வெறும் ஸ்டெரைல் நீரில் கரைத்து உடனே ஒரே ஒரு தடவை பயன்படுத்திவிட்டு மீதியைக் கொட்டிவிட வேண்டும். இந்தக் கரைப்பானில், இந்த வெப்பநிலையில், இத்தனை நாள் அந்தப் புரதம் கெடாமல் இருக்கிறது என்று சோதித்த பிறகுதான் அப்படி எழுதினார்கள். கடையில் வாங்கிய பெப்டைடுக்கு அந்தச் சோதனையை யாரும் உங்களுக்காகச் செய்து வைத்திருக்கவில்லை.

அப்படியென்றால் எதற்குத்தான் ஆகும் என்றால், ஒரே கரைசலிலிருந்து பல நாள் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும், உறையவைத்து உருக்கினால் பொருள் கெட்டுவிடும், அளவீட்டில் பென்சைல் ஆல்கஹால் குறுக்கிடாது என்பது சோதித்துத் தெரிந்திருக்கிறது என்ற நிலையில் இது நல்ல பொருள். சில எலைசா (ஆன்டிபாடியை வைத்து அளக்கும் சோதனை) அளவுத்தரங்களுக்கு இப்படிப் பயன்படுத்தியிருக்கிறோம், சிக்கல் வரவில்லை. ஆன்டிபாடிகளுக்கு வழக்கமாகப் போடுகிற 0.02 சதவீத சோடியம் அசைடைவிட ஒரு விதத்தில் இது மேல்: அசைடு, எலைசாவில் பயன்படும் பெராக்சிடேஸ் என்சைமை முடக்கிவிடும், ஈய, செம்புக் குழாய்களில் ஊற்றினால் வெடிக்கக்கூடிய உப்பாகப் படியும். விலங்குச் சோதனையில் தொடர் ஊசிக்கு இதைப் பயன்படுத்துவதாக இருந்தால் நெறிக்குழு அனுமதியில் கரைப்பானின் பெயரும் அளவும் எழுதியிருக்க வேண்டும், கரைப்பான் மட்டும் பெறுகிற கூட்டம் தனியாக வேண்டும். பிறந்த குட்டிகளுக்கும் பூனைகளுக்கும் வேண்டவே வேண்டாம்.

குட்டிகளுக்கு ஏன் கூடாது என்பதற்குப் பின்னால் மனிதக் குழந்தைகளின் துயரம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளின் ரத்தநாளத்தில் செருகிய குழாய்களைக் கழுவிவிட பென்சைல் ஆல்கஹால் சேர்த்த உப்புநீரையும், மருந்து கலக்க இதே மாதிரி நீரையும் பயன்படுத்திவந்தார்கள். பெரியவர்களின் கல்லீரல் பென்சைல் ஆல்கஹாலை பென்சோயிக் அமிலமாக்கி, கிளைசினோடு சேர்த்து ஹிப்யூரிக் அமிலமாக வெளியேற்றிவிடும். குறைமாதக் குழந்தையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் முதிர்ந்திருக்காது. ரத்தத்தில் அமிலம் ஏறி, குழந்தைகள் மூச்சுக்குத் திணறித் திணறி இறந்தார்கள். கேஸ்பிங் சிண்ட்ரோம் என்று அதற்குப் பெயரே வந்தது. நியூ ஆர்லியன்ஸ், போர்ட்லண்ட் நகர மருத்துவர்கள் 1982இல் இதை வெளியிட்டார்கள். 16 குழந்தைகளின் இறப்பைக் குறிப்பிட்டு அதே ஆண்டு மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. கழுவும்போதும் மருந்து கலக்கும்போதும் அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த அளவுதான். பிரிசர்வேட்டிவ் என்பது சும்மா கூட இருக்கிற பொருள் என்ற எண்ணத்தை அந்தக் குழந்தைகள் உயிரைக் கொடுத்து உடைத்தார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைப் படிக்கிற வேறு சிலருக்காக ஒன்று. ஆய்வுக்கு மட்டும் என்று எழுதிய பெப்டைடையும் இந்த நீரையும் இணையத்தில் வாங்கி, வீட்டில் கலந்து, உடம்பில் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். இந்தியாவில் ஊசிக்கான நீர் என்பது 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின்கீழ் ஒரு மருந்து. மருந்துக்கடையில் வாங்குகிற ஆம்பூலில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். ஆய்வுக்கு மட்டும் என்ற லேபிள் தூய்மைக்குச் சான்று இல்லை. மனிதருக்குப் போட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்பதுதான் அதன் பொருள். அதற்குமேல் எந்த மருந்து, எந்தக் கரைப்பான் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

ஆய்வகத்திலேயே தயாரிக்கலாமா என்றால், மேஜைச் சோதனைக்கு மட்டும் தயாரிக்கலாம், கடினம் இல்லை. புதிதாகத் திறந்த நல்ல தரமான பென்சைல் ஆல்கஹாலை 0.9 கிராம் நிறுத்து, 18.2 மெகாஓம் தரத்துக்குச் சுத்திகரித்த நீரில் சேர்த்து 100 மில்லி ஆக்குங்கள். அது தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், எண்ணெய்த் துளி மாதிரி அடியில் போய் உட்காரும். கரைந்துவிட்டது என்று அவசரப்படாமல், துளி ஒன்றுகூடத் தெரியாமல் போகும்வரை கலக்கியில் விடுங்கள். பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, முதலில் வருகிற சில மில்லியைக் கொட்டிவிட்டு, ஸ்டெரைல் கண்ணாடிக் குப்பிகளில் சிறிது சிறிதாக அடையுங்கள். கண்ணாடியை 250 டிகிரி உலர்வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து எடுத்தால் அதில் ஒட்டிய எண்டோடாக்சினும் போய்விடும். குப்பியில் பெயர், அளவு, தேதி, உயிருள்ள எதற்குள்ளும் செலுத்தக் கூடாது என்ற வரி, நான்கையும் எழுதுங்கள். தண்ணீர் என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள். பென்சைல் ஆல்கஹால் கரைசல் என்று எழுதுங்கள்.

கடைசியாக, நீங்கள் ஏற்கெனவே கரைத்துவிட்ட அந்தப் பெப்டைடு. தூக்கிப்போட வேண்டாம். முதலில் கருப்பு அட்டைக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள், மங்கலோ இழையோ இல்லையென்றால் மேலே போகலாம். ஒரு தட்டில் மூன்று வரிசை வையுங்கள்: ஒன்றில் கரைத்த பெப்டைடு, அடுத்ததில் அதே குப்பியின் நீர் மட்டும், மூன்றாவதில் வெறும் ஊடகம். எல்லாக் கிணற்றிலும் மொத்தக் கொள்ளளவும் சேர்க்கிற திரவத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பெப்டைடின் அளவை மாற்ற வேண்டுமானால் அதே நீரில் முன்கூட்டியே நீர்த்துவிட்டு, எல்லாவற்றிலும் ஒரே 1 மைக்ரோலிட்டர் சேருங்கள். இரண்டாவது வரிசையும் மூன்றாவது வரிசையும் ஒன்றுபோல வந்தால் இப்போதைய கரைசலை அந்த அளவீட்டுக்கு மட்டும் பயன்படுத்தித் தீர்த்துவிடலாம். வேறுபட்டால் அதை எச்பிஎல்சி பழகுவதற்கு ஒதுக்கிவிட்டு, அடுத்த குப்பிப் பெப்டைடைப் பிரிசர்வேட்டிவ் இல்லாத நீரில் கரையுங்கள். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள். கிணற்றுக்கு எத்தனை செல் போட்டீர்கள், எத்தனை மணி நேரம் வைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் பார்த்துச் சொல்கிறேன்.